எந்த ஏரியா, எந்தச் சத்தம்

வட சென்னையில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த ஏரியா?" என்பதுதான். பெயரெல்லாம் அப்புறம். வியாசர்பாடி என்று சொன்னால் எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன், எந்த ஃபுட்பால் டீம் என்று அடுத்தடுத்துப் போகும். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். யார் என்று தெரிந்துகொண்டால் ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்கலாமே என்ற அக்கறையில் வருகிற கேள்வி அது.

நான் டெக்னோ (மெஷின்களை வைத்துச் செய்யும் ஆட்ட இசை) போட ஆரம்பித்த பிறகு அதே கேள்வி பேசின் பிரிட்ஜ் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து, ஊரின் மற்ற பகுதிகளிலிருந்து, வேறு மாதிரி வந்தது. "வியாசர்பாடியா? அப்போ உங்க செட்ல கானா எங்க?" நிகழ்ச்சி நடத்தும் ஒருவர் என் ட்ராக்கைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா பெர்லின்ல யாரோ பண்ண மாதிரி இருக்கு. கொஞ்சம் சட்டி சேருங்க, போஸ்டர்ல 'அசல் நார்த் மெட்ராஸ்'னு போட்டுடலாம்" என்றார். சட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு வீட்டில் அடிக்கிற மேளம். ஏரியாவில் கேட்டது இதற்கு நேர் எதிர்: "இன்னா தம்பி இது, வெள்ளக்காரன் சத்தம்!" இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைத்தான் நம்புகிறார்கள். சத்தத்துக்கு ஒரு சொந்த ஊர் உண்டு, அந்த ஊர்க்காரன் மட்டும்தான் அதைத் தொடலாம், ஊர்க்காரனாக இருந்தால் அதைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது.

இது எவ்வளவு தப்பு என்பதற்கு டெட்ராய்டின் கதையே போதும். டெக்னோவில் எல்லாரும் அசல் என்று விரல் நீட்டுவது அந்த ஊரைத்தான்.

அமெரிக்காவின் கார் தொழில் நகரம். 1950-இல் ஏறக்குறைய பதினெட்டரை லட்சம் பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 6 லட்சத்து 39 ஆயிரம் பேர். ஆலைகள் மூடின, வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், கறுப்பர்கள் காலி வீடுகளோடு நின்றார்கள். அந்த வெறுமையில் பிறந்த இயந்திர இசைதான் டெக்னோ என்று எழுதுவார்கள். பொய்யில்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. டெக்னோவின் தகப்பன்மார் என்று சொல்லப்படும் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் ஒன்றாகப் படித்த பள்ளிக்கூடம் பெல்வில்லில் இருந்தது. டெட்ராய்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; வயலும் ஏரியும் உள்ள, வெள்ளையர்கள் அதிகம் வாழ்ந்த சின்ன ஊர். சாண்டர்சன் பிறந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். இவர்கள் காதில் விழுந்ததோ, எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற வானொலி அறிவிப்பாளர் ராத்திரியில் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் பாட்டுக்குப் பக்கத்திலேயே போட்ட கிராஃப்ட்வெர்க் குழுவின் இசை. அவர்கள் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்துக்காரர்கள். கையில் இருந்த டிரம் மெஷின்களும் சின்தசைசர்களும் பெரும்பாலும் ஜப்பானில் செய்தவை.

"டெட்ராய்ட் டெக்னோ" என்ற முத்திரை உலகத்துக்குப் போனது இங்கிலாந்து வழியாக. 1988-இல் நீல் ரஷ்டன் என்ற ஆங்கிலேயர் இவர்களின் ட்ராக்குகளைத் தொகுத்து ஒரு பிரிட்டிஷ் கம்பெனி மூலம் வெளியிட்டார். முதலில் "டெட்ராய்டின் ஹவுஸ் இசை" என்கிற மாதிரிதான் பெயர் வைப்பதாக இருந்தது. அட்கின்ஸ் கொடுத்த ட்ராக்கின் பெயரில் டெக்னோ என்று இருந்ததால் தொகுப்பின் பெயரும் மாறியது. சிகாகோவில் பிறந்த ஹவுஸ் என்ற ஆட்ட இசையிலிருந்து பிரித்துக் காட்ட விற்கிறவனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஊர்ப்பெயர் வந்த வழி அது.

அப்படியானால் டெட்ராய்ட் என்பது வெறும் லேபிள்தானா? இங்கேதான் 1990-இல் நடந்த ஒரு சண்டை எனக்கு முக்கியமாகப் படுகிறது. டெட்ராய்டுக்கு எதிர்க்கரையில் வின்ட்சர் இருக்கிறது. நடுவில் ஓடும் ஆறு ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை; ஆனால் அந்தக் கரை கனடா. அங்கிருந்து ரிச்சி ஹாட்டினும் ஜான் அக்வாவிவாவும் பிளஸ் 8 என்று ஒரு லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் கம்பெனி) தொடங்கினார்கள். முதல் இசைத்தட்டிலேயே "டெட்ராய்டின் வருங்காலச் சத்தம்" என்ற பொருளில் ஒரு முத்திரை குத்தி அனுப்பினார்கள். டெட்ராய்டில் பலருக்குக் கடும் கோபம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரப் பையன்கள் எங்கள் ஊர்ப் பெயரை எப்படி எடுக்கலாம்?

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இந்தக் கோபத்துக்கு நியாயமே இருக்காது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வளர்ந்தவன் ஊர்க்காரன், நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவன் வெளியாளா? ஆனாலும் கோபப்பட்டவர்கள் பக்கம்தான் என் மனசு நிற்கிறது. பெல்வில் பையன்கள் டெட்ராய்டுக்குள் வந்து கிராஷியட் சாலையில் பக்கத்துப் பக்கத்தில் ஸ்டுடியோ போட்டு, சொந்தமாக லேபிள் நடத்தி, 1988-இல் திறந்த மியூசிக் இன்ஸ்டிடியூட் என்ற கிளப்பில் ராத்திரி ராத்திரியாக அந்த ஊர் ஜனங்களுக்குத் தட்டு போட்டவர்கள். அந்த ஊரை எல்லாரும் கைவிட்ட நேரத்தில் அதன் பெயரைத் தூக்கிப் பிடித்தவர்கள். பெயருக்கு அப்போது விலை கிடையாது. விலை வந்ததும் அக்கரையிலிருந்து முத்திரை வந்தது. ஹாட்டின் நல்ல கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அவருடைய ட்ராக்குகளை இன்றும் போடுகிறேன். பின்னால் அவரும் டெட்ராய்டின் காலி ஆலைகளில் பார்ட்டி நடத்தி அந்த ஊருக்குத் தன் பங்கைக் கொடுத்தார். குத்திய நேரத்தில் அந்த முத்திரை அவருக்கு உரியதாக இல்லை, அவ்வளவுதான்.

ஆக, ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை தூரத்தாலோ பிறப்புச் சான்றிதழாலோ வருவதாக நான் நினைக்கவில்லை. அந்த ஊரின் நட்டத்தில் பங்கு எடுத்தவனுக்கு வருகிறது. சத்தம் எங்கிருந்து வந்தாலும் சரி.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம்மூருக்கு வருகிறேன். பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் 1876-இல் வந்தது, கர்நாடிக் மில் சில ஆண்டுகள் கழித்து. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது. 1996-இல் ஆலை மூடியது. எங்கள் தெருவில் "மில்லுல இருந்தார்" என்று சொல்லப்படாத தாத்தாவே கிடையாது. மூடிய ஆலைக்குள் சினிமா ஷூட்டிங் நடந்தது. பிறகு அந்த நிலத்தில் உயரமான அடுக்குமாடிகள் வந்தன. பெர்லினில் இப்படி ஆலை காலியானால் கிளப் திறந்திருப்பார்கள். இங்கே கிளப் என்று எதுவும் வரவில்லை. எங்களுக்கு ஆடும் இடம் என்றால் ஆடி மாதத்துக் கோயில் கூழ், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம், கல்யாண ரிசப்ஷன், மஞ்சள் நீராட்டு, சாவு. மைக் செட்காரர் பாக்ஸை அடுக்குகிற இடம்தான் மேடை. பத்து மணிக்கு மேல் போலீஸ் வந்து நிறுத்தும் வரை கச்சேரி.

மேற்கத்திய இசை இங்கே புதிதும் இல்லை. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிடாரும் டிரம்ஸும் வைத்து ஆடிய ஊர் இது. துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜாரில் வெளிநாட்டு கேசட்டும் வாக்மேனும் வாங்காத பையன் இல்லை. கானாவையே எடுத்துக்கொண்டால், ராயபுரத்தில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களில் அதன் வேரைக் காட்டுபவர்கள் உண்டு. சித்தர் பாட்டில் காட்டுபவர்கள் உண்டு. டோலக்கும் கீபோர்டும் எந்தத் தெருவிலும் முளைத்தவை அல்ல. எல்லாம் வந்தது, வந்து தங்கியது.

எங்கள் பகுதியில் ரிதம் பேட் வாசிக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். இசைக்குழு வேலை இல்லாத நாளில் பெயின்ட் வேலைக்குப் போவார். அவருடைய பேட் ரோலண்ட் கம்பெனியின் எஸ்பிடி-20. நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் அதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். எட்டு ரப்பர் கட்டம். ஒவ்வொன்றின் மேலும் மெடிக்கல் பிளாஸ்டர் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் "டோல", "சட்டி", "கைதட்டு", "விசில்" என்று எழுதி வைத்திருக்கிறார். அடிபட்டு அடிபட்டு "சட்டி" கட்டத்தின் நடுவில் ரப்பர் வழவழவென்று ஆகிவிட்டது. குச்சியின் நுனியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். காலில் ஒரு பெடல். அந்தப் பெடலை மிதித்தால் வருகிற அடி, வயிற்றில் இறங்குகிற அந்த நீளமான கிக், ரோலண்ட் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷினின் கிக். மூன்று ஆண்டுகளில் கம்பெனியே நிறுத்திவிட்ட மெஷின் அது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால்தான் அமெரிக்காவில் கறுப்புப் பையன்கள் கையில் போய்ச் சேர்ந்தது. ஹிப்ஹாப்பும் டெக்னோவும் அதை எடுத்துக்கொண்டு வளர்ந்தன. அண்ணனுக்கு அந்தக் கதை தெரியாது. அவர் அதை "டும்மு" என்பார்.

ஒருநாள் சாவு வீட்டு வாசலில் அவர் டும்மை மிதிக்க, பக்கத்தில் மூன்று பேர் சட்டி அடித்தார்கள். எங்கள் தெரு அடி மூன்று மூன்றாகப் போகும். டெக்னோ நான்கு நான்காகப் போகும். அண்ணன் டும்மை நான்கு நான்காகச் சமமாகப் போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு டும்முக்குள்ளும் சட்டிக்காரர்கள் மூன்றை அடைத்தார்கள். நான் ஹெட்போனுக்குள் தேடிக்கொண்டிருந்த இடம் அங்கே, ரோட்டில், பூ உதிர்த்த வண்டிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஓய்ந்த பிறகு, "அண்ணே, இந்த டும்மு எந்த ஊர் சத்தம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஊரு இன்னாத்துக்கு தம்பி? பாடிய எடுக்கச்சொல்லோ ஜனம் நடக்காம நின்னு கேக்குதா, அத்த பாரு" என்றார்.

1980-களின் நடுவில் சிகாகோவில் மூன்று பையன்கள் டிபி-303 என்ற, யாருக்கும் வேண்டாத பேஸ் மெஷினைத் திருகித் திருகி ஒரு விநோதச் சத்தத்தைப் பிடித்தார்கள். மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி அதை முதலில் போட்டபோது ஆடுகளம் காலியானது. அதே ராத்திரியில் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காவது முறை ஜனங்கள் வெறிகொண்டு ஆடினார்கள். 1987-இல் அது தட்டாக வந்து ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்கே வழி திறந்தது. அண்ணன் சொன்னதும் அதையேதான். அந்தச் சத்தத்துக்குச் சொந்த ஊர் ஒன்று இருக்குமானால் அது மெஷின் செய்த ஜப்பான் ஆகாது, பையன்களின் அறையும் ஆகாது. நான்காவது முறை வரை நின்று கேட்ட அந்தக் கூட்டம்தான் அதன் ஊர்.

இதனால்தான் சரண்ஜித் சிங் கதையை வைத்து "ஆசிட் ஹவுஸ் இந்தியாவில் பிறந்தது" என்று மார்தட்டுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த அவர் 1982-இலேயே அதே 303, 808 மெஷின்களை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு தட்டு வெளியிட்டார். 2010-இல் மறுபதிப்பு வந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. அபாரமான தட்டு. ஆனால் அன்றைக்கு அதைச் சுற்றி ஒரு கூட்டம் சேரவில்லை, சிகாகோவுக்கும் அது போய்ச் சேரவில்லை. முதலில் செய்தவர் என்ற பட்டத்தை அவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்காகச் சிகாகோ பையன்களிடமிருந்து எதையும் பிடுங்கத் தேவையில்லை.

சட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எங்கள் பக்கம் அடிக்கிற சட்டிகளில் தோலைப் பார்ப்பது அரிது. எல்லாம் ஃபைபர். தோல் என்றால் மழைக்காலத்தில் தொய்ந்துவிடும். நாலு பேப்பரைக் கொளுத்தி அனலில் காட்டி, தட்டிப் பார்த்து, மறுபடி காட்ட வேண்டும். சாவு மழைக்கு நின்று வராது. அதனால் அடிக்கிறவர்களே ஃபைபருக்கு மாறினார்கள். சத்தமும் மாறியது: தோலில் இருந்த அடித்தொண்டைக் குரல் போய், கூர்மையான, காதை அறுக்கிற "டக்" வந்தது. எனக்கு அந்த டக் பிடிக்கும். வீடியோ எடுக்க வருகிறவர்கள் "தோல் மேளம் கிடைக்குமா, அதுதானே அசல்" என்று கேட்கிறார்கள். மழையில் நனைந்து அடிக்கப்போகிறவன் எடுத்த முடிவை, நனையாமல் கேமராவுக்குப் பின்னால் நிற்கப்போகிறவன் எப்படித் திருத்தலாம்?

அந்த அடியை போனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியபோது எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. நான் பயன்படுத்துவது எஃப்எல் ஸ்டுடியோ, பெல்ஜியத்துச் சரக்கு. ஏரியாவில் கானாவுக்கு பீட் போடுகிற பையன்களில் பலரும் அதில்தான் வேலை செய்கிறார்கள். அடிகளைக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் வசதி அதில் உண்டு. நிறுத்தினேன், அடி செத்தது. பெரிதாக்கிப் பார்த்தால், மூன்றில் கடைசி அடி ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுந்திருக்கிறது. மூன்று பேருமே அப்படித்தான் அடிக்கிறார்கள். அந்தப் பின்வாங்கலில்தான் தோள் தானாக இறங்குகிறது. கட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டியை அப்படியே விட்டு, 808 கிக்கை அதற்குப் பின்னால் நடக்க வைத்தேன். ஊர் அடையாளம் என்று ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்த மயிரிழையில் இருக்கிறது. சட்டிச் சத்தத்தை வாங்கி எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். இதை அடிக்கிறவனிடம் கேட்டுத்தான் வாங்க முடியும்.

கேட்டு வாங்குவது என்றதும் 1999 ஞாபகம் வருகிறது. அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் டெட்ராய்டில் மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய குழு. பெரிய கம்பெனிகளோடு சேர மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. அவர்களுடைய டிஜே ரோலாண்டோ அந்த வருடம் போட்ட ஜாகுவார் ட்ராக் உலகம் முழுக்க ஓடியது. சோனி நிறுவனத்தின் ஜெர்மனிக் கிளை உரிமை கேட்டது, இவர்கள் தர மறுத்தார்கள். உடனே சோனி அந்த ட்ராக்கை ஸ்வரத்துக்கு ஸ்வரம் வேறு ஆளை வைத்து வாசித்து வெளியிடப் போனது. ரசிகர்கள் கொதித்தெழுந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்ப, சோனி பின்வாங்கியது. இதோடு இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1982-இல் நியூயார்க் பிரான்க்ஸிலிருந்து வந்த ஒரு பிரபல ட்ராக் கிராஃப்ட்வெர்க்கின் மெட்டைக் கேட்காமல் எடுத்தது; அதற்கு அந்தத் தட்டை வெளியிட்ட கம்பெனி கிராஃப்ட்வெர்க்குக்குப் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டி வந்தது. கொடுத்தது சரிதான். அதே சரி இந்தப் பக்கமும் வர வேண்டும்.

பெர்லினை இதில் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். சுவர் இடிந்த பிறகு, 1991-இல், ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பாதாள அறையில் திறந்த ட்ரெசோர் கிளப் டெட்ராய்டுக்காரர்களை அழைத்து வந்து மேடையும் கொடுத்தது, அவர்கள் தட்டுகளையும் வெளியிட்டது. 1993-இல் போட்ட தொகுப்பின் தலைப்பிலேயே பெர்லின், டெட்ராய்ட் என்று இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். 2024-இல் ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பெர்லின் டெக்னோவைச் சேர்த்தது. அந்தச் செய்தியைப் பார்த்தபோது அந்தப் பழைய தலைப்பில் இருந்த இரண்டாவது பெயரைத்தான் தேடினேன்.

நம்மூர் நிலைமை இன்னும் சிக்கல். வடக்கிலும் ஊருக்கு நடுவிலும் குடிசைகளில் இருந்த எத்தனையோ குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். கானாவும் சட்டியும் அவர்களோடு போயின. ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடி வரிசைக்குள் நின்று பாடுகிற பையனை யாரும் "அசல் நார்த் மெட்ராஸ்" என்று போஸ்டரில் போடுவதில்லை, முகவரி தெற்கே இருக்கிறது. பேசின் பிரிட்ஜிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் ஏசி ஸ்டுடியோவில் சட்டி சாம்பிளை ஒட்டுகிறவர்களுக்கு அந்தப் பட்டம் சுலபமாகக் கிடைக்கிறது. வின்ட்சரும் பெல்வில்லும்தான், வேறென்ன.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் மேடை ஏறியபோது எனக்குப் பெரிய தைரியம் வந்தது. கானா பாடகர்கள், ராக் கிடார், ராப், சட்டி எல்லாம் ஒரே மேடையில், ஒருவர் இன்னொருவருக்கு அலங்காரமாக இல்லாமல். அதில் பாடிய ராயபுரத்து இசைவாணியை 2020-இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் செய்தது என் வகை இசை இல்லை. யார் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்களைப் பார்த்துத்தான் கற்றேன்.

சட்டி வைத்துச் செய்த ட்ராக் இப்போது முடிந்துவிட்டது. மூன்று சட்டிக்காரர்களையும் பேட் அண்ணனையும் இசையமைத்தவர்கள் என்ற இடத்தில், என் பெயருக்குச் சமமாக எழுதியிருக்கிறேன். இசையமைத்தவரின் ராயல்டி பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் பெயர் அந்த இடத்தில் ஏறினால்தானே சட்டம் அவர்களுக்கு உதவும்? வாசித்தவர் என்று மட்டும் போட்டால் பெரும்பாலும் அன்றைய கூலியோடு கதை முடிந்துவிடும். பங்கை ஐந்தாகப் பிரித்து ஒரு தாளில் தமிழில் எழுதி, அண்ணன் வீட்டுத் திண்ணையில் எல்லாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். "ஆதார்ல இருக்கிற பேரா, கூப்புட்ற பேரா?" என்று அண்ணன் கேட்டார். பதிவுக்கு ஆதார் பெயர், ட்ராக்கின் கவரில் கூப்பிடுகிற பெயர் என்று முடிவானது. ஏரியாவில் பீட் போடுகிற தம்பிகள் யாருக்காவது அந்தத் தாளின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.